திரும்பி வந்த வசன அட்டை

ரோம்
ஜனவரி 12

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உன் கோழிக்கிறுக்கலைப் பார்த்துவிட்டுப் பேத்தி, "இது என்ன படம் தாத்தா?" என்று கேட்டாள். மகளுக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. குளிர்தான் எலும்பில் ஏறுகிறது, மற்றபடி சுகம்.

பஸ் ஸ்டாண்டில் கிறிஸ்தவக் கைப்பிரதி நீட்டியவரை உன் மருமகன் சத்தம் போட்டு விரட்டியதை எழுதியிருந்தாய். "உங்க ஆளுங்களுக்கு வேற வேலையே இல்லையாடா?" என்று வேறு கேட்டிருக்கிறாய். சரி, கேள். போன மாதம் நானே கைப்பிரதிக்காரனாகி முழித்தேன்.

கீழ் வீட்டில் ஒரு யூதப் பாட்டி, வயது 85. கிறிஸ்துமஸுக்கு மகள் சுட்ட முந்திரிக்கொத்தை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். கை சும்மா இருக்குமா? மகளின் சபையில் கொடுத்த இத்தாலிய வசன அட்டை ஒன்றையும் மேலே வைத்துவிட்டேன். "அநாதி சிநேகத்தால் உன்னைச் சிநேகித்தேன்" என்ற எரேமியா வசனம். கீழே சிலுவை, ஆராதனை நேரம். மறுநாள் பாட்டி படியேறி வந்தார். எந்த எண்ணெயில் சுட்டது என்று மகளிடம் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டாராம்; நன்றாக இருந்ததாம். பிறகு அட்டையை இரண்டு விரலால் பிடித்து மேஜைமேல் வைத்தார். அவர் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள்: "எங்கள் வீட்டுக்கு வந்த கடிதத்தை எடுத்து, உங்கள் முத்திரையைக் குத்தி, எனக்கே கொண்டுவந்து கொடுக்கிறீர்களே."

எரேமியா முதலில் யூதர்களின் வேதம்தானே. குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அப்புறம் ஒரு நாள் எங்களைப் பழைய கெட்டோ, அதாவது யூதர்களை அடைத்து வைத்த பேட்டை, பக்கம் கூட்டிப்போனார். டைபர் ஆற்றங்கரையில், பெரிய ஜெப ஆலயத்துக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு கத்தோலிக்கக் கோயில். முகப்பில் எபிரெயத்திலும் லத்தீனிலும் ஏசாயா 65:2. முரட்டாட்டமான ஜனத்திடம் நாள் முழுவதும் கைகளை நீட்டினேன் என்று வருமே, அது. அப்பா இதை எத்தனை பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார்! அவர் எங்களைப் பார்த்துச் சொன்னார். இங்கே அது பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து, அவர் பாஷையிலேயே எழுதி நிற்கிறது. 1555-இல் யூதர்களைச் சுவருக்குள் அடைத்தார்கள். 1577 முதல், அவர்களை மதம் மாற்ற, கட்டாயமாகக் கேட்க வைத்த கிறிஸ்தவப் பிரசங்கம். பிரசங்கி பல நேரம் மதம் மாறிய யூதரே. காதில் மெழுகை வைத்து அடைத்துக்கொண்டு உட்காருவார்களாம். தூங்கினால் தட்டி எழுப்ப ஆள் நிற்குமாம். 1847 வரை, நடுவில் விட்டு விட்டு, இது நடந்தது. பள்ளிக்கூடத்தில் காலை ஜெபத்தில் நீ நிம்மதியாகத் தூங்கியது ஞாபகம் வந்தது.

பாட்டியின் சொந்தக் கதை இன்னும் கனம். 1943 அக்டோபர் 16 அன்று ஜெர்மானியர் வீடு வீடாகப் புகுந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். திரும்பியவர் 16 பேர். மூன்று வயதுக் குழந்தையான இவரைக் கன்னியாஸ்திரீகள் மடத்தில் ஒளித்துக் காப்பாற்றினார்கள். சண்டை ஓய்ந்து பிள்ளையை வாங்க வந்த அம்மா, அவர்கள் கையைப் பிடித்து அழுதாராம். அழுது முடித்ததும் கேட்டது: "ஞானஸ்நானம் கொடுத்துவிட்டீர்களா?"

இதென்ன நன்றிகெட்ட கேள்வி என்றுதான் எனக்குத் தோன்றியது. பாட்டி எட்கார்தோ மோர்த்தாராவைப் பற்றிச் சொன்ன பிறகே புரிந்தது. பொலோனியா, 1858. யூத வீட்டில் வேலை செய்த பெண், காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தை செத்துவிடுமோ என்று பயந்து, யாருக்கும் தெரியாமல் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறாள். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையை யூதர் வளர்க்கக் கூடாது என்பது போப்பாண்டவர் ஆட்சியின் சட்டம். விஷயம் வெளியே வந்ததும், ஆறு வயதுப் பையனைப் போலீஸ் வந்து கூட்டிப்போனது. பெற்றவர்கள் எவ்வளவு மன்றாடியும் போப் ஒன்பதாம் பயஸ் விடவில்லை. பையன் பாதிரியாராகி 1940-இல் பெல்ஜியத்தில் இறந்தார்.

மிஷனரி வந்ததால்தான் என் தாத்தா பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தார். அதை நான் எந்நாளும் மறுக்க மாட்டேன். ஆனால் மிஷனரி என்ற அதே சொல் இவர்கள் காதில் வேறு மாதிரி விழுகிறது. நாம் சிநேகம் என்கிறோம். நீங்கள் நீங்களாக இருக்க வேண்டாம் என்று அவர்களுக்குக் கேட்கிறது. அவர்கள் ஆள் பிடிப்பதும் இல்லை. தானாக மாற வருகிறவரையே ரபி, அதாவது யூத மத குரு, மூன்று முறை திருப்பி அனுப்பிப் பார்ப்பது மரபு. கொலை கூடாது, திருட்டு கூடாது என்பது போன்ற நோவாவின் ஏழு கட்டளைகளைக் காத்தாலே யூதரல்லாதவர்களுக்குப் போதுமாம்.

கத்தோலிக்கர் மாறாமல் இல்லை. பெரிய வெள்ளி ஜெபத்தில் யூதரைத் துரோகிகள் என்று சொன்ன வார்த்தையை 1959-இல் எடுத்தார்கள். 1965-இல் வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்கு யூதர் எல்லார்மேலும் பழி போடக் கூடாது என்றது. 1986-இல் போப் இரண்டாம் ஜான் பால் அந்த ஜெப ஆலயத்துக்கே வந்து மூத்த சகோதரர்கள் என்றார். பாட்டி அன்று வெளியே கூட்டத்தில் நின்றாராம். 2008-இல், பழைய முறைப் பூசைக்கு, யூதர் இருதயம் வெளிச்சம் பெற வேண்டும் என்று புது ஜெபம் எழுதியதும் திரும்பவும் மனக்கசப்பு. உனக்காக ஜெபிக்கிறேன் என்றபோது, "எனக்கென்ன காய்ச்சலா?" என்று கேட்டாயே, அதே கதைதான். 2015-இல், யூதருக்கென்று தனி மிஷன் வேலையை நடத்துவதும் இல்லை, ஆதரிப்பதும் இல்லை என்று எழுதியே வைத்துவிட்டார்கள். எங்கள் புராட்டஸ்டண்ட் பக்கத்துச் சபைகள் எல்லாம் அவ்வளவு தூரம் வரவில்லை. அமெரிக்கத் தென் பாப்டிஸ்டுகள் 1996-இல் யூதர் நடுவே ஊழியத்தைக் கூட்டத்தான் தீர்மானம் போட்டார்கள்.

அட்டை இப்போது என் பைபிளில், எரேமியா 31-இல் கிடக்கிறது. நேற்று பாட்டி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். வெறும் டப்பா கொடுக்கக் கூடாது என்பது இங்கேயும் உண்டு போல. உள்ளே பாதாம் பிஸ்கட். அடியில் ஏதாவது அட்டை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், பழக்கதோஷம்.

கண் ஆபரேஷன் என்றைக்கு என்று எழுது.

உன்,
தேவராஜ்