பழைய உடையை உட்புறம் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பாணி உடைகளை இன்றைய இளைஞர்கள் தேடி அணிவதைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர், கடந்த காலத்தின் மீதுள்ள ஏக்கமே அதற்குக் காரணம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பழைய துணிமணிகளை நெடுநாளாகப் பிரித்துத் தைத்துப் பழகியவன் என்ற முறையில், அந்த விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை.

சில மாதங்களுக்கு முன் பழைய கம்பளிக் கோட்டு ஒன்று என் கைக்கு வந்தது. உட்புறம் திருப்பியபோது, பக்கத் தையல்களுக்கு உள்ளே ஓர் அங்குலத்துக்கும் கூடுதலாகத் துணி விடப்பட்டிருந்ததையும், லைனிங்கின் ஓரம் முழுவதும் பொடிப்பொடியான கைத்தையலால் பிடிக்கப்பட்டிருந்ததையும் கண்டேன். அணிகிறவர் பருத்தாலும், கோட்டு வேறொருவர் கைக்குப் போனாலும், பிரித்து அகலப்படுத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்று அதைத் தைத்தவர் அன்றே எண்ணியிருக்கிறார். நான் பிரித்து அரை அங்குலம் விட்டுத் தைத்தேன். வெளிச்சம் படாமல் மடிப்புக்குள் இருந்த பகுதி மட்டும் சற்று அடர்ந்த நிறத்தில் ஒரு கோடாகத் தெரிகிறது. இன்றைய தொழிற்சாலை உடைகள் பலவற்றிலோ, ஓவர்லாக் இயந்திரம் துணியைத் தையலை ஒட்டியே நறுக்கிவிடுகிறது. பிரிப்பதற்குத் தையல் இருக்கிறது, விடுவதற்குத் துணி இல்லை.

இதை இயந்திரத்தின் மீதான குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கோட்டிலேயே நீண்ட நேர்த்தையல்கள் இயந்திரத்தில் போட்டவைதான். எந்த இடத்தில் கை வேண்டும் என்று தெரிந்திருப்பதே தொழில் நுட்பம். தோல் பையில் போடும் கைத்தையலை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கத்திலிருந்தும் எதிரெதிராக இழுப்பார்கள், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் அடுத்த தையல் பிடி விடாது. மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் இயந்திரத் தையலில், ஓரிடம் அறுந்தால் அக்கம்பக்கமும் தளர்ந்து பிரியத் தொடங்கும்.

கைவேலையின் இந்த மதிப்பை உலகின் பெரிய ஆடை வடிவமைப்பாளர்கள் அறிந்தே இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் வசிப்பவர்கள் தங்கள் வீடுகளிலேயே கையால் நெய்த கம்பளித் துணிக்கு மட்டுமே ஹாரிஸ் ட்வீட் என்ற பெயர் உரியது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1993-ல் சட்டமே இயற்றியது; அதற்கு முன்பே, 1987-ல், பிரிட்டிஷ் ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் தம் ஆடைத் தொகுப்புக்கு அத்துணியின் பெயரைச் சூட்டியிருந்தார். 1924-ல் தொடங்கிய லெசாஜ் என்ற பாரிஸ் எம்ப்ராய்டரிக் கூடத்தை 2002-ல் பிரெஞ்சு ஆடை நிறுவனமான ஷனேல் வாங்கியது. அத்தகைய கூடம் ஒன்று மூடப்பட்டால் அங்கே பழகிய கைகள் கலைந்துபோகும், அவற்றைப் பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்பச் சேர்க்க முடியாது.

எனக்கு வருத்தம் தருவது, பழைமையின் தோற்றம் மட்டும் விற்கப்படுவதுதான். புதுத் துணியைத் தேய்த்து வெளுக்க வைக்கிறார்கள். கோட்டின் கைப்பகுதியில் பித்தான்கள் வரிசையாக இருக்கின்றன, ஆனால் காஜா வெட்டப்படுவதில்லை. காஜா போல நூலோட்டம் மட்டும் இருக்கிறது. வாங்குகிறவர் இதை அறியாமல், பழைய வேலைப்பாடு என்று நம்பியே கூடுதல் விலை கொடுக்கிறார். பழைய உடைகள் எல்லாமே சிறந்தவை என்றும் நான் வாதிடவில்லை. மட்டமாகத் தைத்தவை எப்போதோ கிழிந்து மறைந்திருக்கும், நம்மிடம் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் நன்றாகத் தைக்கப்பட்டவை.

ஆகவே, தங்கள் நாளிதழில் உடைகளைப் பற்றி எழுதும்போது, நிறத்தையும் வடிவத்தையும் சொல்வதோடு, தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறது, ஓரம் எப்படி மடிக்கப்பட்டிருக்கிறது, பிரித்துத் தைக்க இயலுமா என்பவற்றையும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். வெளியிடும் படங்களில் ஒன்றாவது, உடையை உட்புறம் திருப்பி எடுத்ததாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்