கிண்ணியாக்காரிக்கு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள கிண்ணியாக்காரிக்கு,

நாம் சேர்ந்து கொடுக்கப்போகும் மனு பற்றி நீ எழுதிய கடிதம் வந்து மூன்று கிழமையாகிவிட்டது. கோபிக்காதே. போன சனிக்கிழமைக் கூட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து எழுதலாம் என்று வைத்திருந்தேன். இங்கே கச்சான் காற்று கொளுத்துகிறது. அம்மா சுகம், முழங்கால் நோவு மட்டும் விட்டபாடில்லை. நீ புத்தளத்துக்குப் போய் எத்தனை வருசமானாலும் எனக்குக் கிண்ணியாக்காரிதான். பாதையில், அதுதான் அந்த மிதவைப் படகில், கடல் தாண்டி, சட்டைக் கரை நனைந்து, முதல் பாடம் முடிகிற நேரத்தில் மூச்சு வாங்க வகுப்புக்குள் வந்து என் பக்கத்து வாங்கில் இருப்பாயே, அந்த முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. 2009இல் பாலம் திறந்ததோடு பாதையும் நின்றுபோனது. உன் ராத்தா பெருநாளைக்குச் சட்டித் தயிர் கொடுத்துவிட்டார். உன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். சாம்பல்தீவுப் பக்கம் ஒரு மாதர் சங்கக் கட்டடத்தில் வைத்தோம். நாற்பது பேர் வரையில் வந்திருந்தார்கள். கருக்கலைப்புச் சட்டம் பற்றிக் கதைக்கப் போகிறோம் என்று முதலே சொல்லியிருந்ததால் பாதிப்பேர் வரமாட்டார்கள் என்று பயந்தேன். வந்தார்கள். ஆனால் முதல் அரை மணி நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் பின்வரிசையில் ஒரு பெண் எழும்பினார். மீன்பிடிக் குடும்பம். அடையாள அட்டை வைக்கிற பிளாஸ்டிக் உறையில் இருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஸ்கான் படம். அந்தத் தாள் நாள்போனால் மங்கிவிடும், தெரியும்தானே. அதில் இப்போது ஒன்றுமே இல்லை, ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று மட்டும். ஐந்தாம் மாதத்தில், பிள்ளைக்கு மண்டையோடு வளரவில்லை, பிறந்தாலும் தங்காது என்று சொல்லியிருக்கிறார்கள். எடுத்துவிடக் கேட்டபோது சட்டம் விடாது என்றார்கள். மிச்ச மாதமெல்லாம் அந்த வயிற்றோடு கடற்கரையில் கருவாடு காயப்போட்டிருக்கிறார். பார்த்தவர்களெல்லாம் “எப்ப நாள்?” என்று கேட்டார்களாம். பிள்ளை விடியும்வரைகூட இருக்கவில்லை. “எனக்குக் கலைக்க வேணுமெண்டு ஆசையில்லை மிஸ், என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்” என்றார். நான் அந்தத் தாளை மடித்த மடிப்பிலேயே மடித்துக் கையில் கொடுத்தேன்.

அந்தச் சட்டம் 1883இல் வெள்ளைக்காரன் எழுதியது. தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு. தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் மட்டும் விடும், மற்றபடி மூன்று வருசம்வரை மறியல். வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகென்றால் ஏழு வருசம்வரை. கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் அதே தண்டனை. வன்புணர்வுக்கு விலக்கு இல்லை, தகப்பனால் கெடுக்கப்பட்ட சிறுமிக்கும் இல்லை. 1995இல் பாராளுமன்றத்தில் திருத்தப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 2017இல் அமைச்சரவைவரை போனது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், அங்கேயே நின்றுவிட்டது. வசதியானவள் விமானம் ஏறிப் போய்ச் செய்துகொள்கிறாள். சாம்பல்தீவுக்காரிக்குத்தான் சட்டம்.

கூட்டம் முடியும் நேரம், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஓர் ஐயா உள்ளே வந்தார். நல்ல மனிதர், போரில் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவர். “சண்டையில போனது, சுனாமியில போனது, வெளிநாட்டுக்குப் போனது. திருகோணமலையில எங்கட சனம் குறைஞ்சுகொண்டே போகுது. இந்த நேரத்தில இதையா பிள்ளை கதைக்கிறியள்?” என்றார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் தூக்கமில்லை. மூன்று இனமும் ஒன்றாய் வாழ்கிற இந்த ஊரில் எல்லோரும் தலை எண்ணுகிறார்கள், அந்தக் கணக்கைப் பெண்ணின் வயிற்றில்தான் வைக்கிறார்கள்.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் அம்பாறையில் கொத்துரொட்டிக்குள் கருத்தடை மருந்து போட்டார்கள் என்று சொல்லிக் கடையையும் பள்ளிவாசலையும் அடித்தார்களே. சோதித்துப் பார்த்தால் வெறும் மாக்கட்டி. அடுத்த வருசம் குருநாகலில் அதே கதையைச் சொல்லி ஒரு முஸ்லிம் டொக்டரை மறியலில் வைத்தார்கள். எங்கள் பக்கமும் நடந்தது. 2013இல் கிளிநொச்சிக் கிராமங்களில், கிளினிக்குக்குக் கூப்பிட்டு விளக்கம் சொல்லாமலே கையில் கருத்தடைக் குச்சி வைத்தார்கள் என்று பெண்கள் முறையிட்டார்கள். ஒரு இடத்தில் பெறாதே என்கிறார்கள், இன்னொரு இடத்தில் பெற்றே ஆகவேண்டும் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் அவளைக் கேட்கவில்லை. அந்த ஐயாவைத் திரும்பச் சந்தித்தால் இதைத்தான் சொல்வேன். அவருடைய துக்கம் உண்மையானது. அதற்கு ஈடு கட்ட அந்த மீன்காரப் பெண்ணின் வயிறு கடன்பட்டிருக்கவில்லை.

இனி உன் கேள்வி. முஸ்லிம் விவாக வழக்குகளைக் கேட்கிற காதி நீதிமன்ற விசயத்தோடு இதையும் சேர்த்தால் எங்கள் வேலை கெட்டுப்போகும், எனக்கே மனம் முழுதாக ஒப்பவில்லை என்று எழுதியிருந்தாய். கருவுக்குள் உயிர் ஊதப்படுவதற்கு முந்திய 120 நாள் பற்றி உங்கள் இமாம்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நீ விளக்கியதை இரண்டு தரம் வாசித்தேன். உன் மனம் ஒப்ப வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. கலைத்துக்கொண்ட ஒருத்தியைப் பொலிசில் பிடித்துக் கொடுக்க உன் மனம் ஒப்புமா, அதுதான் என் கேள்வி. அயர்லாந்து கத்தோலிக்க நாடுதானே? இந்தியாவில் இருந்து போன சவிதா ஹலப்பனவார் என்ற பெண், பதினேழு வாரத்தில் கரு தங்காது என்று தெரிந்தும் கலைக்க மறுக்கப்பட்டு, 2012இல் ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போனார். 2018இல் அந்தச் சனம் 66.4 வீதம் வாக்குப் போட்டுத் தடையை நீக்கியது. அப்படி வாக்குப் போட்டவர்களில் கோயிலுக்குப் போகிறவர்களும் எத்தனையோ பேர்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். உன் சட்டம் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், என்னுடையது 1883. இரண்டையும் அடிப்படை உரிமை வழக்கில் அசைக்க முடியாமல் காவல் காப்பது ஒரே ஆள்: அரசியலமைப்பின் 16ஆவது உறுப்புரை. 12இல் ஆண் பெண் சமம் என்று எழுதிவிட்டு, 16இல் பழைய சட்டம் அதற்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறார்கள். பன்னிரண்டு வயது ஆகாத பிள்ளையைக்கூடக் காதியின் அனுமதியோடு கட்டிக்கொடுக்கலாம் என்கிற உங்கள் 23ஆம் பிரிவும், மனைவியைக் கணவன் கையெழுத்தில்லாமல் தன் காணியை விற்க விடாத, யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையும் அதன் நிழலில்தான் இருக்கின்றன. ஆகவே மனுவில் 303ஐ முதலில் வைக்க வேண்டாம். 16ஐ நீக்கு என்று தொடங்குவோம். அதில் உனக்கும் எனக்கும் ஒரு சொல் வித்தியாசமில்லை. அதற்குக் கீழே உன் பந்தி தனி, என் பந்தி தனி. என் பந்திக்கு நீ கையெழுத்து வைக்காவிட்டாலும் உன் பந்திக்கு நான் வைப்பேன்.

உள்ளூராட்சிச் சபைகளில் நான்கில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று வந்த பிறகு, கதவைத் தட்டக்கூடிய பெண் உறுப்பினர்கள் பலர் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் போவோம்.

உன் பந்தியை இந்த மாதத்துக்குள் எழுதி அனுப்பு. காதியிடம் போய் வந்த பெண்களின் சொல்லிலேயே இருக்கட்டும். அடுத்த கூட்டத்தைக் கிண்ணியாவில் தன் வீட்டு முற்றத்தில் வைக்க ராத்தா சம்மதித்துவிட்டார். ஸ்கான் தாளோடு வந்த அந்தப் பெண்ணும் தானே வருகிறேன் என்று கேட்டிருக்கிறார், பஸ்காசு நாங்கள் போடுவோம். நீயும் வா. வரும் நாளை முன்கூட்டியே சொல், பாலத்தடியில் நிற்பேன்.

என்றும் உன்,
உப்புவெளிக்காரி