நந்தவனத்தில கேபிள் தாட்டுப்போட முதல் நிலத்தை ஒருக்கா வந்து பாருங்கோ

எங்கட கோயில் பரிபாலன சபை ஐயாமாருக்கு வணக்கம்.

நான் ஊருக்குள்ள வயரிங் வேலை செய்யிறவன், நிலத்துக்குக் கீழால, ஆள் கடந்தா அலாம் அடிக்கிற சென்சர் கேபிள் போட்ட இரண்டு மூண்டு வேலையளிலயும் நிண்டனான். நந்தவனத்தைச் சுத்தி அந்தக் கேபிள் போடப் போறியள் எண்டு கேள்விப்பட்டன், நல்ல விசயம், மதிலை உயர்த்தி முள்ளுக்கம்பி அடிக்காமல் இதை யோசிச்சதுக்கு உண்மையாவே நன்றி. ஆனா மதிலோரமா நேர்கோடாக் கிண்டி, போட்டு மூடிவிடுவம் எண்டு கதைச்சதைக் கேட்டாப்பிறகு எனக்கு நித்திரை வரேல்ல.

உதில இரண்டு கேபிள் சமாந்தரமா ஓடும், நடுவில அஞ்சாறு அடி, ஆழம் கிட்டத்தட்ட ஒரு சாண். வெளி உறைக்கு உள்ளுக்கு இருக்கிற உலோகக் கவசத்தில ஓட்டை விட்டிருக்கும், ஒண்டு சிக்னலைக் கசியவிடும் மற்றது வாங்கும், அதுக்குள்ள ஆள் கால் வைச்சா சிக்னல் குழம்பும், மெசின் பிடிச்சிடும். பூனை போனா விடுகிற மாதிரிச் சரிசெய்யலாம். ஆனா ஓடுற தண்ணியும் ஆடுற தகரமும் அதுக்கு ஆள் மாதிரித்தான் தெரியும். மாரியில கூரைத் தண்ணி முழுக்க எந்த வாய்க்காலால போகுது? அபிசேகத் தண்ணி போற அதே வாய்க்கால், செவ்வரத்தைப் பாத்திக்குப் பக்கத்தால. வடக்குப் பக்கத்து வளவுத் தகரவேலி சோளகக் காத்துப் பிடிச்சா என்ன பாடுபடும் எண்டு நீங்களே கேட்டிருப்பியள். நீங்கள் சொல்லுற கோடு இது இரண்டையும் தொட்டுக்கொண்டுதான் போகுது.

ஒரு இடத்தில, பேர் வேண்டாம், இப்பிடித்தான் போட்டவை. மழை இரவில சும்மா சும்மா அலாம் அடிச்சு வாச்சர் அண்ணைக்கு அலுத்துப்போய் அந்தப் பக்கத்தை ஓஃப் பண்ணி வைச்சிட்டார், அவரில பிழை சொல்ல ஏலாது. கேபிள் எதால போகுதெண்டு ஒரு படமும் கீறி வைக்கேல்ல, குரோட்டன் நடப் போன ஆள் அலாவாங்கால குத்தியிருக்கிறார், அவருக்கு என்ன தெரியும். பிறகு நான் போய்க் கையால மண்ணை விலத்திப் பாத்தா கறுத்த உறை கிழிஞ்சு உள்ளுக்குச் செம்பு பச்சை பிடிச்சுப் போய்க் கிடந்தது, தூக்கினா தண்ணி சொட்டுது. அவ்வளவு காசு, அவ்வளவு நாள் காவல் இருக்கெண்டு நம்பிக்கொண்டு படுத்தவை.

எங்கட நிலம் வேற, மேல செம்மண், சில இடத்தில ஒரு சாண் போக முதலே சுண்ணாம்புக்கல்லு தட்டும். கூலிக்காரர் கல்லுக் கண்ட இடத்தில ஆழத்தைக் குறைச்சுப்போட்டு மூடிடுவினம், அங்க ஒரு மாதிரி இங்க ஒரு மாதிரி வேலை செய்யும். கல்லை உடைச்சு, அடியில மணல் பரவி, அதுக்கு மேல கேபிளை வையுங்கோ. வேம்பின்ர வேரை வெட்ட வேண்டாம், விலத்திக்கொண்டு போகலாம், நேர்கோடெண்டு ஒரு சட்டமும் இல்ல. தேர் போற வீதியைக் கடக்கிற இடத்தில சென்சர் கேபிள் வேண்டாம், கண்காணிக்காத சாதாரண இணைப்புக் கேபிளைத் தடிப்பான பிவிசி பைப்புக்குள்ளால ஆழமா விடுங்கோ, தேர்ச் சில்லின்ர பாரம் உங்களுக்குத் தெரியாததில்லையே.

முக்கியமா, கோடையில நடந்து பாத்துச் சரிசெய்து போட்டு விடாதேங்கோ. ஈர மண்ணில சிக்னல் வேற மாதிரி ஓடும். கார்த்திகையில மழைக்குள்ள திரும்ப ஒருக்கா, ஒவ்வொரு பத்தடிக்கும் ஆள் நடந்து பாக்க வேணும். இதைக் கொந்திராத்துக்காரரின்ர ஒப்பந்தத்திலயே எழுதி, மிச்சக் காசை அதுக்குப் பிறகு குடுங்கோ.

ஞாயிறு காலமைப் பூசை முடிய நான் நந்தவன வாசலில நிப்பன், கூலி ஒண்டும் வேண்டாம். பூக்கண்டு பாக்கிற அண்ணையையும் கட்டாயம் கூப்பிடுங்கோ, மழைவெள்ளம் எங்க தேங்கும் எண்டு எங்கள் எல்லாரையும் விட அவருக்குத்தான் தெரியும், அவர் சொல்லச் சொல்லச் சுண்ணாம்புத் தூளால கோடு போட்டுப் பாப்பம்.