என் தம்பியை நோயாளி என்று அழைத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

என் தம்பி இறந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. முப்பது வயதை எட்டாத ஒரு கிட்டார் கலைஞனுக்காக நேரில் வந்தவர்களும், கடிதம் எழுதியவர்களும், தொலைபேசியில் அழைத்துவிட்டுப் பேச்சு வராமல் மறுமுனையில் அப்படியே இருந்தவர்களும் பலர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுத உட்கார்ந்தேன். நான்கு கடிதங்களுக்குமேல் கை ஓடவில்லை. ஆகவே இந்த மடலைத் தமக்கென்றே எழுதியதாக எல்லோரும் ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். இதைப் பொதுவில் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நன்றி சொல்வதற்கு முன்னால் நான் சொன்ன ஒரு பொய்யைத் திரும்பப் பெற வேண்டும். அவன் இறந்த அன்று, கேட்டவர்களிடமெல்லாம் ‘தூக்கத்திலேயே மாரடைப்பு’ என்று சொன்னவள் நான்தான். உண்மையில் ஐந்து வாரங்கள் மதுவைத் தொடாமல் இருந்துவிட்டு, ஓர் இரவில் பழைய அளவுக்குக் குடித்து, மூச்சு அடங்கி இறந்தான். மாரடைப்பு என்றால் அழுவார்கள், குடி என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள் என்ற கணக்கு அந்த நிலையிலும் என் மனத்துக்குள் ஓடியதை இன்று நினைத்தால் கூசுகிறது. இரண்டு நாட்கள் அந்தப் பொய் நின்றது. அவனோடு ஒன்பது ஆண்டுகள் மேடையேறிய டிரம்ஸ் கலைஞர்தான் என்னைத் தனியே அழைத்து, “அக்கா, அவன் தன் குடியைப் பற்றி மேடையிலேயே பேசியவன். இப்போது நாம் மறைத்தால், அவன் மீண்டுவரப் பட்ட பாடெல்லாம் வெளியே சொல்லக்கூடாத அசிங்கம் என்று நாமே சொன்னதாகிவிடும்” என்றார். என் முதல் நன்றி அவருக்கு. வீட்டுப் பெரியவர்களிடம் என் பக்கத்தில் உட்கார்ந்து அதையே மறுபடி சொன்னதற்கு இரண்டாவது நன்றியும் அவருக்கே.

அடுத்தது, சிகிச்சை தந்த மருத்துவருக்கும் அந்தப் பிரிவின் செவிலியர்களுக்கும். அவனை உங்களிடம் அழைத்துவருவதற்கு முன்பு நாங்கள் செய்த காரியம் உங்களுக்குத் தெரியும், மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும். மனத்திடம் இருந்தால் போதும் என்று நம்பி, நான்கு நாட்கள் அறைக்குள் வைத்துப் பூட்டி, நீரும் பழரசமும் மட்டும் கொடுத்தோம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம் என்றும், அதைத் தொடர்ந்து மனம் குழம்பி இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும் நிலை வரலாம் என்றும், சிகிச்சையில்லாமல் விட்டால் அது உயிரையே எடுக்கும் என்றும் நீங்கள் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து நாங்கள் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது, அவன் உயிரோடு ஆடிய சூதாட்டம். நீங்கள் திட்டவில்லை. வைட்டமின் பி1 ஊசியைப் போட்டுவிட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்று செவிலியருக்குச் சொல்லிவிட்டு, எங்களிடம் திரும்பி, “நேரத்துக்கு அழைத்து வந்துவிட்டீர்கள்” என்று மட்டும் சொன்னீர்கள். அது முழு உண்மை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இரவுப் பணியிலிருந்த அந்த மூத்த செவிலியருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நடுக்கம் எவ்வளவு என்று பார்த்துக் குறித்துக்கொள்ள, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கையை நீட்டி விரல்களை விரிக்கச் சொல்வீர்கள். அவன் இடக்கை விரல் நுனிகள் கம்பியை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போனவை. முதல் இரவு அந்தக் கை அடித்த அடியில், விரல்கள் ஒன்றோடொன்று மோதுவது எனக்குக் கேட்டது. அவன் வெட்கப்பட்டுக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டபோது நீங்கள் அந்த நுனிகளைத் தொட்டுப் பார்த்து, “இது எத்தனை வருஷத்து உழைப்பு, தம்பி?” என்று கேட்டீர்கள். பதினாறு வருடம் என்றான். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கும்போதெல்லாம் கையைத் தானே நீட்டினான். நான்காம் நாள் காலை, நீட்டிய கையை அப்படியே காற்றில் கிட்டாரின் ஒரு சுரக்கூட்டைப் (கார்டு) பிடிப்பதுபோல் வளைத்துக் காட்டிச் சிரித்தான். நீங்கள் அட்டையில் எழுதிய எண்ணை நான் எட்டிப் பார்த்தேன். அன்றுதான் முதன்முறையாகச் சுழி.

அவன் மூன்று முறை உங்களிடம் வந்தான். மூன்றாம் முறை, “மறுபடியுமா?” என்று கேட்டது மருத்துவர் அல்ல, நான். அதற்கு மருத்துவர் சொன்ன விடையை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: “இரத்த அழுத்தம் மறுபடி ஏறிவிட்டது என்று நீங்கள் வந்தால், நான் உங்களை ‘மறுபடியுமா’ என்று கேட்பேனா?” போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுவோரில் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் வரை ஏதோ ஒரு கட்டத்தில் திரும்பவும் தொட்டுவிடுகிறார்கள் என்றும், உயர் இரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் நோய் திரும்புவது ஏறக்குறைய அதே அளவில், சொல்லப்போனால் அதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கிறது என்றும் விளக்கினார். ஆஸ்துமா திரும்பினால் மருந்தை மாற்றுகிறோம். குடி திரும்பினால் ஆளையே கைவிடுகிறோம். மதுவின் மேலுள்ள வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரை இருக்கிறது என்பதையே நாங்கள் அந்த அறையில்தான் கேள்விப்பட்டோம். அமெரிக்காவில் அந்த மாத்திரையை இந்த நோய்க்கென்று 1994இலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். குடிநோயை நோய் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் அறிவித்தது அதற்கும் முன்னால், 1956இல். என் தம்பி பிறப்பதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவம் சொல்லி முடித்த ஒன்றை, எங்களைப் போன்ற படித்த குடும்பம் அவன் மூன்றாம் முறை படுக்கும்வரை கேட்டிருக்கவில்லை.

குடியிலிருந்து மீள விரும்புவோர் பெயர் வெளியிடாமல் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு அவனைக் கைப்பிடித்து அழைத்துச்சென்ற அண்ணனுக்கு நன்றி. உங்கள் முழுப் பெயர் எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுதமாட்டேன். 1935இல் குடியால் நொந்த இரண்டு பேரின் சந்திப்பில் தொடங்கிய அமைப்பு அது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இரவு இரண்டு மணிக்கு அவன் அழைத்தாலும் எடுத்தீர்கள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்டதற்கு, “பெரும்பாலும் கிரிக்கெட்” என்றீர்கள்.

இனி, அவனை அறியாதவர்கள் அவனைப் பற்றிப் பேசியவற்றுக்கு வருகிறேன். உண்மையைச் சொன்ன பிறகு நாங்கள் எதிர்பார்த்த வசைகள் வந்தன: ‘குடித்துச் செத்தவனுக்கு என்ன இரங்கல்’, ‘தானே தேடிக்கொண்டது’. அவற்றுக்கு நான் தயாராக இருந்தேன். தயாராக இல்லாமல் இருந்தது பாராட்டுக்குத்தான். ‘மேதைகள் இப்படித்தான் எரிந்து அணைவார்கள்’ என்றும், ‘அந்தப் போதை இல்லையென்றால் அந்த இசை ஏது’ என்றும் கண்ணீரோடு எழுதினார்கள். ஒரு விழா அமைப்பாளர், பெயர் வேண்டாம், ஊதியத்தில் பாக்கி வைத்துவிட்டு அதற்கு ஈடாக அவன் அறையில் பாட்டில் வைத்தவர், இரங்கல் கூட்டத்தில் இதே கருத்தை மிக அழகாகப் பேசினார். யோசித்துப் பார்த்தால், வைதவருக்கும் வியந்தவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒருவர் அவனைக் குற்றவாளி ஆக்கினார், இன்னொருவர் அவதாரம் ஆக்கினார். இருவருமே அவனை நோயாளியாக இருக்க விடவில்லை. நடுங்கும் கையோடு அவனால் ஒரு கம்பியைக்கூடச் சுருதி சேர்க்க முடியாத காலைகளை நான் பார்த்திருக்கிறேன். அவனுடைய நல்ல பாடல்கள் அத்தனையும் குடிக்காத மாதங்களில் செய்தவை.

ராக் இசைக் கலைஞர்களான ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1970 செப்டம்பர் 18இலும், பதினாறு நாட்கள் கழித்து ஜானிஸ் ஜாப்ளினும், அடுத்த ஆண்டு ஜூலையில் ஜிம் மாரிசனும் இருபத்தேழு வயதில் இறந்ததை வைத்து அந்த எண்ணுக்கே ஒரு மாயக் கவர்ச்சி ஏற்றிவிட்டார்கள். இருபத்தேழாம் பிறந்தநாளன்று அவனுக்கு வந்த வாழ்த்துகளில்கூட அதைக் குறித்த கேலிகள் இருந்தன. சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினான். 1956 முதல் 2007 வரை பிரிட்டனில் முதலிடம் பிடித்த இசைத்தொகுப்புகளைத் தந்த 1,046 கலைஞர்களை ஆராய்ந்து, 2011 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட கட்டுரை, இருபத்தேழு வயதில் சாவு கூடுவதில்லை என்று காட்டியது. ஆனால் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த அந்தக் கலைஞர்கள் இறக்கும் வாய்ப்பு, அந்நாட்டின் பொது மக்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு என்பதையும் அதே கட்டுரை சொன்னது. மாயத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், மடங்கை யாரும் சொல்வதில்லை.

பிரிட்டிஷ் பாடகி ஆமி வைன்ஹவுஸ் பற்றி ஓர் இதழில் எழுதி, அதோடு என் தம்பியையும் நினைவுகூர்ந்த இசை விமர்சகருக்கு என் நன்றி. 2011 ஜூன் 18 அன்று செர்பியாவின் பெல்கிரேட் நகர மேடையில் நிலைகொள்ளாமல் தடுமாறிய அவரைப் பார்த்துக் கூட்டம் கூச்சலிட்டது. ஐந்து வாரங்கள் கழித்து, ஜூலை 23 அன்று, அவர் லண்டன் வீட்டில் இறந்து கிடந்தார். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 416 மில்லிகிராம் மது இருந்தது. அங்கே வண்டி ஓட்ட அனுமதிக்கும் எல்லை 80. ஆனால் அதற்கு முன்பு ஏறத்தாழ மூன்று வாரங்கள் அவர் குடிக்காமல் இருந்தார் என்பது விசாரணையில் அவருடைய மருத்துவர் சொன்ன சாட்சியம். நீங்கள் கட்டுரையை அந்த மூன்று வாரங்களிலிருந்து தொடங்கினீர்கள். கடைசி இரவை மட்டும் எல்லோரும் எழுத, குடிக்காமல் கழித்த நாட்களையும் அவருடைய வாழ்க்கைக் கணக்கில் சேர்த்தவர் நீங்கள் ஒருவர்தான். எங்களுக்கும் அப்படி முப்பத்தைந்து நாட்கள் உண்டு.

அந்த முப்பத்தைந்து நாட்கள்தான் ஆபத்தையும் கூட்டியவை என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. குடிக்காமலிருக்கும் வாரங்களில் உடல் மதுவைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடுகிறது; மனம் மட்டும் பழைய அளவையே நினைவில் வைத்திருக்கிறது. அன்றிரவு அவனோடு அறையில் இருந்த நண்பரே, உங்களுக்கு நான் நன்றி சொல்வதைக் கேட்டுப் பலர் வியந்தார்கள். அவன் குறட்டை விட்டதால் நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்து விளக்கை அணைத்தீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அணைத்திருப்பேன். குடித்து முடித்த பிறகும் இரத்தத்தில் மதுவின் அளவு ஏறிக்கொண்டே போகும் என்பதையும், எழுப்பினால் எழாதவரை, விட்டு விட்டு மூச்சு வாங்குபவரை, உதடு நீலம் பாய்ந்தவரைத் ‘தூங்கட்டும்’ என்று விடாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பதையும் நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. விடியற்காலையில் எழுந்து பார்த்து, தொலைபேசியில் ஒருவர் எண்ணிச் சொல்லச் சொல்ல, பத்தொன்பது நிமிடங்கள் அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தீர்கள். மணிக்கட்டு வீங்கிய கையோடு வந்து எங்களிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். மன்னிக்க எதுவும் இல்லை.

ஆம்புலன்ஸ் ஊழியர்கள், அவனுடைய ஒலிப்பதிவுகளைத் தேடித் தொகுத்துத் தந்த ஒலிப் பொறியாளர், அவன் தடுமாறிய கச்சேரியின் காணொளியை நாங்கள் கேட்காமலேயே நீக்கிவிட்ட அந்த ரசிகை, அனைவருக்கும் நன்றி.

முதலில் சொன்ன அந்த இன்னொரு காரணம் இதுதான். சென்ற மாதம் பெயரோ முகவரியோ இல்லாமல் ஒரு கடிதம் வந்தது. நான்கே வரிகள். அதை எழுதியவரே, நீங்களும் இசைக்கலைஞர் என்றும், அவன் எதனால் இறந்தான் என்பதைக் குடும்பமே வெளியே சொன்னதைப் படித்தபிறகு மருத்துவரிடம் போனதாகவும், அன்று உங்களுக்கு ஒன்பதாவது நாள் என்றும் எழுதியிருந்தீர்கள். உங்களுக்குப் பதில் எழுத எனக்கு இதைத் தவிர வேறு வழியில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த ஆறுதல்களில் அந்த நான்கு வரிகளைத்தான் அம்மா இன்னும் தலைமாட்டில் வைத்திருக்கிறார். இதைப் படிக்கும்போது உங்களுக்கு நாற்பதாவது நாளாக இருக்கலாம். இடையில் தவறி மறுபடி முதல் நாளாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் போவதை நிறுத்தாதீர்கள்; எப்போதாவது கை தவறினால் அன்று தனியாக இருக்காதீர்கள், பழைய அளவின் பக்கம் போகாதீர்கள், உடனிருப்பவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முடிந்தால் இன்னொரு கடிதம் எழுதுங்கள். பெயர் வேண்டாம், நாளின் எண் மட்டும் போதும்.

நன்றியுடன்,
அவனுடைய அக்கா