இரண்டே வருடம் நடந்த டோர்னமென்ட்டுக்கும் பின்கதை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பசிபிக் 12 கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் லீக் ஆடும் மேற்குப் பகுதிக் கல்லூரிகளின் கூட்டமைப்பு) உடைந்துபோனதைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டிவி பணம், ஃபுட்பால், எந்தக் கல்லூரி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதெல்லாம் நன்றாகவே வந்திருந்தது. ஆனால் பேஸ்பால் போன்ற ஆட்டமான பெண்கள் சாஃப்ட்பாலுக்கு ஒரே ஒரு வரி. அதிலும் '2023இல்தான் அங்கே டோர்னமென்ட் நடத்தும் அளவுக்கு அந்த ஆட்டம் வளர்ந்தது' என்று இருந்ததைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை, உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இருப்பது அரிசோனாவின் டூசான் நகரில். இங்கே சாஃப்ட்பால் என்றால் என்ன என்று என் மகள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். டோர்னமென்ட் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் தனிப் போட்டி) தாமதமாக வந்ததற்கும் ஆட்டம் வளராததற்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கான்ஃபரன்ஸில் 1987 முதலே சாஃப்ட்பால் உண்டு. சாம்பியனை லீக் ஆட்டங்களை வைத்தே முடிவு செய்தார்கள். பின்னாளில் சாஃப்ட்பால் ஆடும் கல்லூரிகள் ஒன்பது ஆனபோது, ஒவ்வொரு அணியும் மற்ற எட்டு அணிகளோடும் மூன்று மூன்று ஆட்டம், ஆக 24. எல்லாரோடும் எல்லாரும் மோதி முடித்த பிறகு முதலிடத்தில் நிற்பவர்தான் சாம்பியன். இதைவிட நியாயமான வழி எனக்குத் தெரியவில்லை.

தென்கிழக்கு கான்ஃபரன்ஸில் கதை வேறு. அவர்கள் 1997இல் சாஃப்ட்பாலைத் தொடங்கிய வருடமே டோர்னமென்ட்டும் வைத்துவிட்டார்கள், அதுவும் முந்தைய வருடம் ஒலிம்பிக் சாஃப்ட்பால் நடந்த ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில். முதல் கோப்பை சவுத் கரோலினாவுக்கு. சரி, அதனால் அவர்கள் மூத்தவர்கள் ஆகிவிடுவார்களா? என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் தேசியப் பட்டங்களில் எங்கள் பசிபிக் 12 கல்லூரிகள் வென்றதை எண்ணிப் பாருங்கள்: யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) 12 (பின்னால் பறிக்கப்பட்ட 1995 பட்டத்தைச் சேர்க்காமல்), அரிசோனா 8, அரிசோனா ஸ்டேட் 2, பெர்க்லி 1, வாஷிங்டன் 1. 2005இல் மிச்சிகன் ஜெயிக்கும்வரை மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருந்த எந்தக் கல்லூரியும் இந்த என்சிஏஏ பட்டத்தைத் தொட்டதே கிடையாது. அந்த இறுதியிலும் எதிரே நின்றது யூசிஎல்ஏதான். இப்படிப்பட்ட ஊர்களைப் பார்த்தா 'வளர்ந்தது' என்று எழுதுவது?

2023 மே மாதம் முதல் டோர்னமென்ட் எங்கள் ஊர் ஹில்லன்பிரண்ட் மைதானத்திலேயே நடந்தது. ஒன்பது அணிகள், நான்கு நாள், தோற்றால் வீட்டுக்கு. 64 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்கு ஜெயித்தவருக்கு நேரடி இடம் உண்டு என்பதால், லீகில் கடைசியில் கிடந்த அணிக்கும் அந்த நான்கு நாள் ஒரு கதவு திறந்திருக்கும். டோர்னமென்ட்டின் அருமையே அதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் அரிசோனாவுக்கு அந்தக் கதவும் கைகொடுக்கவில்லை, 1986க்குப் பிறகு முதல்முறையாகத் தேசியப் போட்டியில் எங்கள் பெயரே இல்லாமல் போனது. இறுதி ஆட்டத்தில் யூட்டா 7-6 என்று யூசிஎல்ஏவை வீழ்த்தியது. ஏதோ ஒரு நாள் அதிர்ஷ்டம் என்று பேசியவர்கள் உண்டு. ஆனால் அடுத்த வாரமே தேசியப் போட்டியில் இரண்டாம் தரவரிசையோடு இறங்கிய யூசிஎல்ஏ சொந்த மைதானத்தில் வரிசையாக இரண்டு ஆட்டம் தோற்று வெளியேற, யூட்டா ஓக்லஹோமா சிட்டியில் நடக்கும் கடைசி எட்டு அணிகள் வரை போய் நின்றது. 1994க்குப் பிறகு அவர்கள் அங்கே போனது அப்போதுதான்.

அப்புறம் நடந்தது உங்கள் கட்டுரையிலேயே இருக்கிறது. யூசிஎல்ஏ முந்தைய வருடமே கிளம்புவதாக அறிவித்திருந்தது, அந்தக் கோடையில் மற்ற பல கல்லூரிகளும் ஒவ்வொன்றாக அறிவித்தன. 2024 மே மாதம் ஸ்டான்ஃபோர்டில் இரண்டாவது டோர்னமென்ட் நடந்தபோது, இதுதான் கடைசி என்பது மைதானத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். மறுபடியும் அதே யூசிஎல்ஏ, அதே யூட்டா, இந்த முறை கோப்பை யூசிஎல்ஏவுக்கு. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் டோர்னமென்ட் இல்லாமலே ஆடி, கடைசியில் ஒன்று கிடைத்து, அது இரண்டே வருடத்தில் முடிந்துபோனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

2025 மே மாதத்தையும் பாருங்கள். யூசிஎல்ஏ போய்ச் சேர்ந்த பிக் டென் கான்ஃபரன்ஸின் இறுதியில் அது தோற்றது யாரிடம்? இருபது வருடம் முன்னால் அவர்களைத் தோற்கடித்த அதே மிச்சிகனிடம், ஆனால் இப்போது இருவரும் ஒரே கான்ஃபரன்ஸ். எங்கள் அரிசோனா போய்ச் சேர்ந்த பிக் 12 கான்ஃபரன்ஸின் இறுதியில் அது டெக்சஸ் டெக்கிடம் தோற்றது. அந்த அணியின் பிட்ச்சர் நிஜாரி கனடி முந்தைய வருடம் வரை ஸ்டான்ஃபோர்டுக்காகப் பந்து வீசியவர். பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரையின் கான்ஃபரன்ஸில் ஆடுகின்றன. ஃபுட்பால் அணி வருடத்தில் சில முறைதான் வெளியூர் போகும், அதுவும் வாரக் கடைசியில். சாஃப்ட்பால் பெண்கள் பிப்ரவரியிலிருந்து மே வரை வாரா வாரம் பையைத் தூக்க வேண்டும், வகுப்பும் பரீட்சையும் அதற்கு நடுவில். யாருடைய பணத்துக்காகவோ செய்த ஏற்பாட்டில் அதிகம் அலைவது இந்தப் பிள்ளைகள்தான், கட்டுரையில் அவர்களுக்கு நாலு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

பசிபிக் 12 புதுக் கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வருவதையும் எழுதியிருந்தீர்கள். அதில் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டும் ஒன்று. 1998 தேசிய இறுதியில் எங்கள் அரிசோனாவை 1-0 என்று சாய்த்தவர்கள், டூசானில் பழைய ஆட்கள் இன்னும் அதை மறக்கவில்லை. அங்கே மறுபடி சாஃப்ட்பால் டோர்னமென்ட் நடந்தால், தயவுசெய்து அதை 'முதலாவது' என்று எழுதிவிடாதீர்கள். டூசானில் ஒன்று, ஸ்டான்ஃபோர்டில் ஒன்று, ஏற்கெனவே இரண்டு நடந்திருக்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகி,
டூசான், அரிசோனா