கிணற்றைத் தூர்க்காதே, ராஜி

அல்சூர், பெங்களூரு
16 ஜூன் 2024

அன்புள்ள ராஜி,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆனி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மா நலம். முழங்கால் வலி மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்துவிடுகிறது. கார்த்திக் வேலை மாறிவிட்டான். பத்மா அக்காவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, அவள் அப்படியேதான் இருக்கிறாள்.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. போன வாரம் போனில், கொல்லைக் கிணற்றைத் தூர்த்துவிட்டு அங்கே கார் நிறுத்தப்போவதாகப் போகிற போக்கில் சொன்னாயே, அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். அதனால்தான் கடிதம். உன் வீட்டுக்கார அண்ணனுக்கும் படித்துக் காட்டு.

எங்கள் வீட்டுக் கிணறு உனக்கு மறந்திருக்காது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நீயும் நானும் பேசாத பேச்சா! குழாயில் காவிரி ஒழுங்காக வர ஆரம்பித்ததும் அப்பா அதன் மேல் கடப்பாக் கல்லைப் போட்டு மூடினார். கல்லின் மேல் துளசி, கற்றாழை, உடைந்த பிளாஸ்டிக் வாளி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அடியில் ஒரு கிணறு இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று.

இந்த மார்ச்சில் பட்டதை எழுதினால் பக்கம் போதாது. வாரத்துக்கு இரண்டு நாள் நூல் மாதிரி தண்ணீர் வரும். டேங்கருக்கு அரசாங்கமே விலை கட்டியது: ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் 12,000 லிட்டருக்கு ஆயிரம் ரூபாய். விலை இருந்தது, லாரிதான் வரவில்லை. ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு நான் குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். அம்மா பின்னாலிருந்து, "வீட்ல கிணத்த வச்சுக்கிட்டு லாரிக்கு ஏண்டி நிக்கிற?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

சர்ஜாப்பூர்ப் பக்கத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். மண்ணு வட்டர்கள், தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டுகிறவர்கள். கல்லை நகர்த்தியதும் ஒரு வாடை அடித்தது பார், பழைய ஈர மண்ணும் வௌவால் எச்சமும் கலந்த மாதிரி. யாரும் உடனே இறங்கவில்லை. புளோயர் வைத்து ரொம்ப நேரம் காற்று இறக்கினார்கள். விளக்கைக் கயிற்றில் கட்டி விட்டுப் பார்த்தார்கள், அணையவில்லை. அப்புறமும் இடுப்பில் கயிறு கட்டித்தான் பெரியவர் இறங்கினார். மூன்று நாள் தூர் வாரினார்கள். சேறு, செங்கல், டென்னிஸ் பந்து ஏழு! எல்லாம் யார் வீட்டுப் பந்து என்று உனக்கே தெரியும். மூன்றாம் நாள் மத்தியானம் பெரியவர் ஒரு பித்தளைக் குடத்தை மேலே அனுப்பினார். கழுத்தில் புள்ளி புள்ளியாக அம்மாவின் பெயர். என் தம்பிதான் தள்ளினான் என்று நீ சாமி மேல் சத்தியம் பண்ணிய அதே குடம். அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே அழுதாள். ராஜி, எனக்கும் அழுகை வந்தது.

முப்பத்தைந்து அடியில் ஊற்று கசிந்தது. இந்த ஊரில் ஆயிரம் அடி தாண்டி போர் போட்டும் புகைதான் வருகிறது என்கிறார்கள்!

மாடித் தண்ணீரை ஜல்லி, மணல், கரி போட்ட தொட்டி வழியாகக் கிணற்றில் விட்டோம். முதல் மழையின் அழுக்குத் தண்ணீர் வெளியே போக ஒரு தனிக் குழாய். ஜூன் 2ஆம் தேதி பெய்ததே ஒரு பேய் மழை, ஒரே நாளில் 111 மில்லிமீட்டர், 133 வருஷத்தில் ஜூன் மாதம் அப்படிப் பெய்ததில்லையாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் மாடி 1,200 சதுர அடி. கணக்குப் போட்டால் 12,000 லிட்டருக்கு மேல் வருகிறது. நான் வாசலில் காத்துக் கிடந்த அதே டேங்கர், நம் தலைக்கு மேலேயே வந்திருக்கிறது! குடிக்க அதை எடுப்பதில்லை, பரிசோதனையில் கிருமி இருந்தது. துவைக்க, கழுவ, செடிக்கு எல்லாம் அதுதான்.

இப்போது உன் விஷயம். எங்களுக்குக் காவிரி நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருகிறது. மூன்று இடத்தில் மோட்டார் வைத்து, ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றுகிறார்கள். உங்கள் மயிலாடுதுறைக்கு அவள் தானாக நடந்து வருகிறாள். ஆற்றில் தண்ணீர் ஓடினால் உன் உறைக்கிணறு தானே ஏறும் என்று நீதான் சொல்வாய். இந்த வருஷம், வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 போயும் மேட்டூர் அணை திறக்கவில்லை. இந்த நேரத்திலா கிணற்றில் கட்டட இடிபாட்டைக் கொட்டுவது? உன் மாமனார் காலத்தில் தெருவே அதில் இறைத்ததாம், நீதான் எழுதியிருந்தாய். ஒரு நாளில் தூர்த்துவிடலாம், திரும்ப வெட்ட யார் வருவார்கள்? 2003இல் சட்டம் வந்தபோது போட்ட மழைநீர்க் குழாய் உங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறதே, அதை வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்குத் திருப்புங்கள். கம்பி வலை போட்டு மூடு, குழந்தைகளுக்குப் பயமில்லை. கார் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கட்டும். அண்ணன் கோபித்தால் என்னிடம் பேசச் சொல்.

இன்னொன்று. கிணற்றில் விழுந்த இரண்டாவது குடம் இன்னும் அகப்படவில்லை. கிணற்றில் விழுந்ததைக் கொக்கி போட்டு எடுக்கிற உன் மாமியாரின் பாதாளக் கரண்டி உங்கள் பரணில் கிடக்குமே, பழைய இரும்போடு போட்டுவிடாதே. கார்த்திக் ஆடியில் அந்தப் பக்கம் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்பு. வழக்கப்படி பதிலுக்கு ஒரு பாத்திரம் அடகு வைக்க வேண்டுமல்லவா, அந்தப் பித்தளைக் குடத்தையே தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
விஜி