லேபிளில் அபாஸ்ட்ரஃபி இடம் மாறியது குறித்து ஐந்தாவது முறையாகப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதற்கு முன் அனுப்பிய நான்கு மெயிலுக்கும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்றே பதில் வந்தது. நான் கருத்து சொல்லவில்லை ஐயா, புகார் சொன்னேன்.

கோத்தகிரியில் ஸ்வெட்டரும் குல்லாவும் பின்னி விற்கிறேன். கழுத்தில் வைத்துத் தைக்க உங்களுடைய மடிப்பு சாட்டின் லேபிள் 800 கேட்டிருந்தேன். மென்ஸ், விமென்ஸ், சில்ட்ரன்ஸ், பாய்ஸ் என்று நான்கு வகை. வந்ததில் பாய்ஸ் மட்டும் சரி. மற்ற மூன்றிலும் அபாஸ்ட்ரஃபி, அதாவது இங்கிலீஷில் 'உடைய' என்று காட்ட மேலே போடும் குறி ('), எஸ்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. நான் கொடுத்த டிசைனில் முன்னால்தான் இருந்தது. உங்கள் ஆள் திருத்தினாராம்!

பாய்ஸ் என்பதில் பன்மைக்கே எஸ் வந்துவிடுகிறது, அதனால் குறி கடைசியில். மென், விமென், சில்ட்ரன் எல்லாம் எஸ் இல்லாமலே பன்மை. அங்கே முதலில் குறி, பிறகு எஸ். இதைப் போனில் சொன்னதற்கு உங்கள் ஊழியர், "பன்மைன்னா எஸ்ஸுக்கு அப்புறம்தான்மா. மலையில சிக்னல் மாதிரி இங்கிலீஷும் விட்டு விட்டுத்தான் வருமோ?" என்று சிரித்தார். பணம் போனதைக்கூட மறந்துவிடுவேன், அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன். ஷீப் என்ற சொல்லைக் கேட்டால் என்ன செய்வாரோ? ஓர் ஆடானாலும் மந்தையானாலும் அதே சொல். கம்பளி ஓர் ஆட்டினுடையதோ மந்தையினுடையதோ, குறி எஸ்ஸுக்கு முன்னால்தான். கம்பளி வேலை செய்பவளுக்கு இதுகூடவா தெரியாது?

சரி, நேரில் பேசலாம் என்று லேபிள் மூட்டையோடு மேட்டுப்பாளையம் கிளைக்கு இறங்கினேன். கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவளிடம், "இங்கே பார்சல் மட்டும்தான், புகாரெல்லாம் ஆன்லைன்ல" என்றார்கள். ஒரு வாய் தண்ணீர் தரவில்லை.

இதற்கு முன்பே 60 ஸ்வெட்டரில் தைத்துவிட்டேன், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, சிரித்து, வாங்காமலே போனார். மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தை நம்பித்தான் வருஷம் முழுக்கப் பின்னுகிறேன். என் பிழைப்பே போயிற்று.

தயவுசெய்து பத்து நாளுக்குள் தவறாக வந்த 600 லேபிளை மாற்றித் தாருங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்புங்கள். இரண்டும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுவேன், ஊட்டியில் நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடுவேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். உங்கள் ஆட்கள்தான் மலையேறி வர வேண்டியிருக்கும். நல்லபடியாகவே முடித்துக்கொள்வோம் என்றுதான் கேட்கிறேன்.

ஒன்று மட்டும். திரும்ப அச்சடிக்கும்போது பாய்ஸைத் தொட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரி வாடிக்கையாளர்